எந்த விடுமுறைக்கு எந்தக் கடற்கரை?

தமிழ்நாட்டுக் கடற்கரைக்குப் போக எந்த மாதம் நல்லது என்று கேட்டால், "நவம்பர் முதல் பிப்ரவரி வரை" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அதை நம்பி நவம்பர் மூன்றாம் வாரத்தில் மாமல்லபுரத்தில் அறை போட்டால், ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். வடக்குக் கரையோரத்துக்கு ஆண்டிலேயே மிக அதிக மழை தரும் மாதம் நவம்பர். பிப்ரவரியோ ஏறக்குறைய மழையே இல்லாத மாதம். இரண்டையும் ஒரே "சீசன்" என்று கட்டிக் கொடுப்பது பயணிக்கு எந்த வகையிலும் உதவாது.

மாதத்தை மட்டும் சரியாகப் பிடித்தாலும் போதாது. பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்தின் நீரோடி வரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இந்தக் கரை ஒரே திசையைப் பார்த்து நிற்கவில்லை. சென்னையும் கடலூரும் நாகப்பட்டினமும் கிழக்கே பார்க்கின்றன. ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். குமரிமுனையைத் தாண்டினால் கரை தென்மேற்காகத் திரும்பிவிடுகிறது. ஆண்டில் பாதி நாள் காற்று தென்மேற்கிலிருந்தும் பாதி நாள் வடகிழக்கிலிருந்தும் வீசுவதால், ஒரே நாளில் ஒரு கரை கொந்தளிக்கும், நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரை குளம் போலக் கிடக்கும். மாதத்தையும் கரையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் நான்கு வாய்ப்புகள்தான் உண்டு: கோடை விடுமுறை, செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு, டிசம்பர் கடைசியின் அரையாண்டு, பொங்கல். அந்தக் கட்டு இல்லாதவர்களுக்கான பதிலை முதலில் சொல்லிவிடலாம்.

தை பிற்பகுதி முதல் மாசி முடிய

ஜனவரி கடைசி வாரம் தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரை, பழவேற்காடு முதல் நீரோடி வரை எங்கே போனாலும் பிழையில்லை. சென்னையில் ஜனவரிப் பகல் 29–30 டிகிரி, விடியற்காலை 21 டிகிரி அளவில் இருக்கும். பிப்ரவரியில் காற்று தணிந்து, மார்ச்சில் கிழக்குக் கடல் ஆண்டிலேயே மிக அமைதியாக இருக்கும். விவேகானந்தர் பாறைக்கான படகு தடைபடுவது குறைவு. பிச்சாவரத்தில் சுரபுன்னைக் கால்வாய்களுக்குள் மழை பயமில்லாமல் போய் வரலாம்.

பறவைகளுக்காகப் போகிறவர்கள் பிப்ரவரியைத் தாண்ட வேண்டாம். கோடியக்கரைக்கு வலசை வரும் பறவைகள் அக்டோபரிலேயே இறங்கத் தொடங்கினாலும், மழைக்காலத்தில் சேற்றுப் பாதையில் நடப்பதும் வண்டி ஓட்டுவதும் சிரமம். மழை ஓய்ந்து பாதை காய்ந்திருக்க, பறவைகளும் இன்னும் கிளம்பாதிருக்கும் இடைவெளி ஜனவரி. பழவேற்காடு ஏரியில் பூநாரைகளுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நேரம் உண்டு. சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுவதும் இதே காலத்தில்தான், ஜனவரி முதல் ஏப்ரல் வரை. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவு முழுக்க நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைக்கும் தன்னார்வலர்களோடு பொதுமக்களும் சேர்ந்து நடக்க முடியும். குஞ்சு பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். எனவே குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்க விரும்புவோர் மார்ச், ஏப்ரலைக் குறித்துக்கொள்ளலாம்.

பொங்கல் விடுமுறைக்கு இரண்டு எச்சரிக்கைகள். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் 31 அன்று கணக்கு முடித்துவிட்டுப் போவதில்லை. சில ஆண்டுகளில் ஜனவரி நடுப்பகுதி வரை டெல்டாவிலும் தென்மாவட்டங்களிலும் நின்று பெய்கிறது. 2021 ஜனவரியில் அறுவடைக்கு நின்ற டெல்டாப் பயிர் மழையில் சாய்ந்தது இப்படித்தான். இரண்டாவது, போகிப் பண்டிகை விடியற்காலை. பனியோடு புகையும் சேர்ந்து சென்னையில் விமானங்கள் தாமதமாகும் நாள் அது. அன்று அதிகாலை விமானம் பதிவு செய்யாதீர்கள்.

கோடை விடுமுறை: வெயிலைவிட இரவுதான் பிரச்சினை

மே மாதச் சென்னை என்றவுடன் எல்லோரும் 40 டிகிரியைத்தான் நினைக்கிறார்கள். 2003 மே 31 அன்று 45 டிகிரி தொட்ட ஊர்தான். ஆனால் கரையோரத்தில் தங்குகிறவரை உண்மையில் வாட்டுவது இரவு. குறைந்தபட்ச வெப்பநிலையே 27–28 டிகிரி, அதோடு ஈரப்பதம். வியர்வை காயாது, உடம்பு ஆறாது. உள்மாவட்டத்தில் 40 டிகிரியைப் பழகியவர்கள்கூட இங்கே 35 டிகிரியில் திணறிப்போவதற்குக் காரணம் இதுதான். குழந்தைகளும் முதியவர்களும் உடன் வந்தால் ஏசி அறைக்குச் செலவழிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். உணவில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் தூக்கமில்லாத இரவு மறுநாள் பயணத்தையே கெடுத்துவிடும்.

கடற்காற்றின் நேரத்தைத் தெரிந்துகொண்டால் பாதிக் கோடையைச் சமாளிக்கலாம். ஏப்ரலிலும் மே முற்பகுதியிலும் பெரும்பாலான நாட்களில் நண்பகலை ஒட்டிக் கடலிலிருந்து காற்று நுழைந்துவிடும். அது நுழைந்த மாத்திரத்தில் வெப்பநிலை ஏறுவது நிற்கும். மே கடைசியிலும் ஜூனிலும் மேற்கேயிருந்து வரும் வறண்ட தரைக்காற்று வலுத்து, கடற்காற்றை உள்ளே விடாமல் பிற்பகல் இரண்டு, மூன்று மணி வரை தடுத்து நிறுத்துகிறது. அதனால்தான் மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி, மாதக் கடைசியில் முடிந்துவிட்டதாக நாள்காட்டி சொன்னாலும், ஜூன் முதல் வாரத்தில் சென்னை இன்னும் கொதிக்கிறது. கோடை விடுமுறையில் வடக்குக் கரைக்கு வந்தே தீர வேண்டும் என்றால் ஏப்ரல் கடைசியில் வாருங்கள், மே கடைசியில் வேண்டாம்.

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களும் கடற்கரைக் கோயிலும் காலை 6 மணிக்கே திறக்கின்றன. ஆறு மணிக்கு உள்ளே இருங்கள், ஒன்பதுக்குள் வெளியே வந்துவிடுங்கள். பதினொரு மணிக்கு மேல் அந்தக் கருங்கல்லும் மணலும் கால் வைக்க விடாது. செருப்பில்லாத குழந்தையின் பாதம் கொப்பளித்துப்போகும்.

தெற்கே போனால் நிலைமை மாறும். கன்னியாகுமரியில் மே மாதப் பகல் பெரும்பாலும் 32–33 டிகிரிக்குள் அடங்கிவிடும். மூன்று பக்கம் கடல், மாதக் கடைசியில் மேற்கே கோடைமழை. வெப்பத்தை மட்டும் கணக்கில் வைத்தால் கோடை விடுமுறைக்கு இந்தக் கரையில் குமரிதான் முதலிடம். சித்ரா பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா எழுவதை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். வானம் தெளிவாக இருந்தால் அதற்கு ஈடான காட்சி இந்தக் கரையில் வேறில்லை.

ஆனால் குமரியின் மேற்குக் கரையில் இதே மாதங்களில்தான் கள்ளக்கடல் வருகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்களின் அலை, சில நாட்கள் பயணம் செய்து இங்கே கரையேறும். இங்கே மழையும் இருக்காது, காற்றும் இருக்காது, வானம் நீலமாக இருக்கும். திடீரென்று அலை வழக்கமான கோட்டைத் தாண்டி ஏறி, ஆளை இழுத்துக்கொண்டு திரும்பும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இப்படித்தான் உயிரிழந்தார்கள். முந்தைய நாட்களிலேயே எச்சரிக்கை வெளியாகியிருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், உயர் அலை எச்சரிக்கையை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. மழை அறிவிப்பைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் இதையும் பார்க்க வேண்டும். ஏனென்றால் கள்ளக்கடலை வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மீன் சாப்பிடவே கடற்கரைக்குப் போகிறவர்களுக்குக் கோடையில் ஒரு கணக்கு உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுகள் போகும், சின்ன மீன் புதிதாகக் கிடைக்கும். வஞ்சிரம் போன்ற பெரிய மீன் விலை ஏறிவிடும், உணவகத்தில் ஐஸ் மீனாக இருக்கவும் வாய்ப்பு அதிகம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைதான். எனவே மே மாதத்தில் குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் போனால் விசைப்படகு மீன் தாராளமாகக் கிடைக்கும். திருச்செந்தூர், உடன்குடி, ராமநாதபுரம் பக்கம் கோடைக்கென்றே உள்ளவை பதநீரும் நுங்கும். காலையில் சீக்கிரம் வாங்கிக் குடியுங்கள். நேரம் ஆக ஆகப் பதநீர் புளிக்கும்.

ஆடிக்காற்றும் காலாண்டு விடுமுறையும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மற்ற மாநிலங்களில் மழைக்காலம். நம் கிழக்குக் கரையில் அப்படியில்லை. சென்னை, புதுச்சேரி, கடலூரில் பகலெல்லாம் வெயில், மாலையில் மேற்கே கருத்து, இரவில் இடியோடு ஒரு மணி நேர மழை. பகல் வேலை எதுவும் கெடாது. காலையில் ஊர் சுற்றிவிட்டு மாலை ஆறு மணிக்கு மேல் திறந்தவெளித் திட்டம் எதுவும் வைக்காமல் இருந்தால் போதும். செப்டம்பரில் வெயிலும் ஓரளவு தணிந்திருக்கும் என்பதால், காலாண்டு விடுமுறைக்கு மாமல்லபுரமும் புதுச்சேரியும் பலர் நினைப்பதைவிட நல்ல தேர்வு. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. பக்திக்காகப் போகிறவர்கள் அப்போது போகலாம், ஓய்வுக்காகப் போகிறவர்கள் அது முடிந்த பிறகு போகலாம். குலசேகரன்பட்டினம் தசரா பெரும்பாலும் காலாண்டு விடுமுறையை ஒட்டியே வரும். அந்தப் பத்து நாள் திருச்செந்தூர் வரை அறை கிடைப்பது கடினம்.

தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு பக்கம் இந்தக் காலத்தில் மழை இருக்காது, காற்று இருக்கும். ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களின் வழியே மேற்குக் காற்று பீறிட்டு வந்து, நாள் முழுக்க மணலை வாரி இறைக்கும். சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து எதையும் சாப்பிட முடியாது. கண்ணில் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் சாதாரணக் கண்ணாடியையும் எடுத்துச் செல்லுங்கள். குமரியில் வெப்பம் இதமாக, 30 டிகிரி அளவில், இருந்தாலும் கடல் சீற்றத்தால் பாறைக்கான படகு அடிக்கடி நிறுத்தப்படும். 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கிறது. சிலைக்குத் தனியாகப் படகு அணையும் தொல்லை அதனால் தீர்ந்தது. முதல் பாறைக்குப் போய்ச்சேர இன்னும் படகுதான் வழி. படகு நின்றால் இரண்டும் இல்லை. ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பும் திட்டத்தோடு ஜூலையில் போவது சூதாட்டம். ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை முதல் படகையும் கையில் வைத்திருங்கள்.

இன்னொன்று. குமரியில் கடலுக்குள் சூரியன் மறைவதைப் பார்க்க அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுவரைதான் ஏற்ற காலம். ஜூன், ஜூலையில் சூரியன் வடமேற்கே ஒதுங்கி, முனையிலிருந்து பார்த்தால் கரைப்பக்கம் இறங்கிவிடும். அதுவும் மேகம் விட்டால்தான்.

இந்தப் பருவத்தில் நாங்கள் முதலில் பரிந்துரைப்பது ராமேஸ்வரம் வட்டாரம், அதிலும் அதன் வடக்குப் பக்கம். தீவும் நிலப்பகுதியும் தென்மேற்குக் காற்றுக்குச் சுவர் போல நிற்பதால், தெற்கே மன்னார் வளைகுடா இரைந்துகொண்டிருக்கும்போது வடக்கே பாக் நீரிணைப் பக்கம் தளும்பாமல் கிடக்கும். தனுஷ்கோடிச் சாலையில் போகும்போது இந்த வேறுபாட்டை ஒரே பார்வையில் காணலாம்: இடது பக்கம் கணுக்கால் அளவுக்குச் சிற்றலை, வலது பக்கம் தடுப்புக் கற்களில் மோதி சாலைக்கே துளி தெறிக்கும் பேரலை. உள்ளூரில் ஒன்றைப் பெண் கடல், மற்றதை ஆண் கடல் என்பார்கள். ஆடியில் குழந்தைகளோடு தண்ணீரில் இறங்க உச்சிப்புளி அருகே அரியமான் கடற்கரை நல்லது. தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறை நடத்தும் சதுப்புநிலப் படகுச் சவாரியும் இந்தப் பக்கக் கடலில்தான்.

வாடைக்காற்று தொடங்கியதும் இது அப்படியே தலைகீழாகும். நவம்பரில் அரியமானில் கலங்கிய தண்ணீரும் ஒதுங்கிய பாசியும் இருக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் ஏர்வாடி, வாலிநோக்கம், தூத்துக்குடி அமைதியாகிவிடும். ஆடியில் பார்த்த கடலை நம்பி ஐப்பசியில் அதே இடத்துக்குப் போகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். எந்தப் பருவமானாலும் தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனையில் மட்டும் குளிக்க இறங்கக் கூடாது. இரண்டு கடல் நீரோட்டமும் சந்திக்கும் இடம் அது.

ஆடி அமாவாசை, புரட்டாசியின் மகாளய அமாவாசை, தை அமாவாசை மூன்றும் ராமேஸ்வரத்தில் கூட்டம் நெரியும் நாட்கள். கடும் காற்று வீசினால் பாம்பன் பாலத்தில் ரயில் நிறுத்திவைக்கப்படும். அந்த மாதங்களில் மதுரையில் இணைப்பு ரயிலுக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.

அக்டோபர் 20 முதல் டிசம்பர் வரை

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி அக்டோபர் 20ஐ ஒட்டியது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதத்தில் பெய்துவிடுகிறது. ஆனால் தினமும் பெய்யாது. மூன்று முதல் ஐந்து நாள் ஒரு சுற்று, பிறகு சில நாள் கழுவிவிட்டது போல வெயில், பிறகு அடுத்த சுற்று. கரையோரத்தில் இந்த மழை நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கி விடியற்காலையில் வலுத்து, பல நாட்களில் முற்பகலில் விட்டுவிடும். தென்மேற்குப் பருவத்தின் மாலை மழைக்கு இது நேர் எதிர். எனவே வெளியே போகும் திட்டத்தைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்தக் காலத்தில் வரலாமா என்றால், தேதியை நகர்த்த முடிந்தவர்கள் வரலாம், முடியாதவர்கள் வர வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வானிலை அறிவிப்பில் ஐந்து நாளுக்குள்ளான கணிப்பை நம்பித் திட்டமிடலாம். அதற்கு மேல் போனால் உறுதி குறைந்துவிடும். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையை எடுத்து, கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட அறிவிப்பைப் பாருங்கள். அதில் "கனமழை" என்பது 24 மணி நேரத்தில் சுமார் 6.5 முதல் 11.5 செ.மீ., "மிக கனமழை" 20 செ.மீ. வரை, "அதி கனமழை" அதற்கும் மேல். மஞ்சள் எச்சரிக்கைக்குப் பயணத்தை விட வேண்டியதில்லை. ஆரஞ்சு என்றால் படகு, கடற்கரை எதுவும் இருக்காது. சிவப்புக்கு அறையைவிட்டே வெளியே வர முடியாது, தாழ்வான ஊரில் சாலையும் துண்டிக்கப்படலாம்.

புயல் என்று பெயர் வைத்தால்தான் ஆபத்து என்று நினைப்பது பரவலான தவறு. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் பெயர் கிடைக்கும். அந்தப் பெயர் காற்றின் வேகத்துக்கு, மழைக்கு அல்ல. வேகமாகக் கரையைக் கடந்துவிடும் புயலைவிட, நகராமல் நிற்கும் பெயரில்லாச் சுழற்சி அதிகம் கொட்டிவிடும். 2015 டிசம்பர் 1 சென்னை வெள்ளத்துக்குப் பெயருள்ள புயல் எதுவும் காரணமில்லை. 2023 டிசம்பர் 17–18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதும் அப்படித்தான், அந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கச் சராசரியாகப் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் பயணிகளோடு சிக்கி நின்றது அந்த மழையில்தான். அறிவிப்பில் புயலின் பெயரைத் தேடாமல், "மெதுவாக நகரும்", "நிலைகொண்டுள்ளது" என்ற சொற்களைத் தேடுங்கள்.

பருவம் முதிர முதிர மழை தெற்கே இறங்கும். டிசம்பர் நடுவுக்குப் பிறகு சென்னையில் மழை நாட்கள் சட்டென்று குறைந்துவிடும். டெல்டாவுக்கும் நெல்லை, தூத்துக்குடிக்கும் இன்னும் ஒரு சுற்று பாக்கி இருக்கும். எனவே அரையாண்டு விடுமுறையில் வடக்குக் கரை, தெற்கு என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் வடக்கே போங்கள். மார்கழிக் கச்சேரிகளும் மாமல்லபுரம் நாட்டிய விழாவும் இருப்பதால் அறை வாடகை ஏறியிருக்கும். வானிலை அதற்கு ஈடுகட்டிவிடும். முழு உத்தரவாதம் கிடையாது: தானே புயல் கடலூரைத் தாக்கியது 2011 டிசம்பர் 30 அன்று.

மழைக்காலத்துக்குக் குடை வாங்கிவராதீர்கள். வாடைக்காற்று அதை முதல் நாளே திருப்பிப்போட்டுவிடும். மேல்சட்டை, கால்சட்டை என இரண்டாக வரும் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களில் இந்த மாதங்களில் பாசி படர்ந்திருக்கும். படம் எடுக்க அதன்மேல் ஏறுவது கால் முறிய எளிய வழி.

எந்த மாதம் போனாலும் தண்ணீரில் இறங்குமுன்

கரையில் பத்து நிமிடம் நின்று அலையைப் பாருங்கள். இரு பக்கமும் அலை வெண்மையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், சற்றுக் கருத்து, மணல் கலங்கி, நுரை கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தால் அதுதான் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். அலை இல்லாததால் அதுவே பாதுகாப்பான இடம் போலத் தெரியும். குழந்தையை அங்கேதான் இறக்கிவிடுவார்கள். மெரினா, கோவளம், மாமல்லபுரம் எல்லாக் கரையிலும் இது உண்டு. மணல்திட்டு இடம் மாறுவதால் போன மாதம் இருந்த இடத்தில் இந்த மாதம் இருக்காது. உள்ளே இழுக்கப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் பலம்தான் போகும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்தை அடைந்த பிறகு அலையோடு கரைக்கு வர வேண்டும். நீந்தத் தெரியாதவர் மிதந்தபடி கையை உயர்த்திக் காட்ட வேண்டும். கரையில் நிற்பவர் பின்னாலேயே குதிக்காமல், கயிறோ காலித் தண்ணீர்க் கேனோ வீசுவதுதான் சரி.

பதிவு விஷயத்தில் ஒன்று. ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அரையாண்டு விடுமுறைக்கான டிக்கெட்டை அக்டோபர் கடைசியில், அதாவது பருவமழை தொடங்கிய சில நாட்களிலேயே எடுத்தாக வேண்டும். அப்போது டிசம்பரின் வானிலை யாருக்கும் தெரியாது. எனவே ரயிலை முதலில் எடுங்கள், அறையை டிசம்பர் நடுவில் முடிவு செய்யுங்கள். வெள்ளத்தால் ரயில்வேயே ரயிலை ரத்து செய்தால் முழுக் கட்டணமும் திரும்ப வந்துவிடும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் பயணம் செய்யாவிட்டால், வண்டி உங்கள் நிலையத்தை விட்டுக் கிளம்புவதற்குள், கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பமான டிடிஆர் (TDR) பதிவு செய்ய வேண்டும்.